பதினாறால் வகுபடாதவை

இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானங்களில் எஃப்4யு கார்ஸேரைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். அதன் இறக்கைகள் உடலிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து, சற்றுத் தள்ளி மேல்நோக்கி மடங்கும். நான்கு மீட்டர் விட்டமுள்ள உந்துவிசிறி தரையில் இடிக்கக் கூடாது. அதே சமயம் கப்பல் தளத்தில் தடாலென இறங்குவதைத் தாங்கச் சக்கரக்கால்கள் குட்டையாக இருந்தாக வேண்டும். இந்த இரு தேவைகளுக்கும் இடையில் பிறந்த வளைவு அது.

ஹவாயின் ஹொனலுலுவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற யங் சி. பார்க், இந்த விமானத்தை 16இல் ஒரு பங்கு அளவில் அலுமினியத்தில் செய்தார். இறக்கை முனைக்கு முனை 12.5 மீட்டர் இருந்த விமானம் அவரிடம் 78 சென்டிமீட்டராகச் சுருங்கியது. மேல்தகட்டைச் சில இடங்களில் வேண்டுமென்றே மூடாமல் விட்டார். உள்ளே இருக்கும் சட்டங்களையும் விலாக்களையும் பார்க்கலாம்.

இத்தகைய மாதிரிகளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் செய்தவரின் பொறுமையைத்தான் மெச்சுவார்கள். ஆனால், பொறுமைசாலி ஒருவர் நாள் முழுக்க லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தும் ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை நேராகக் கடைய முடியாமல் போகலாம். உருவம் சிறுத்ததும் உலோகம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஏன் என்று தெரிந்தவருக்குத்தான் அது வசப்படும்.

கணக்கில் சுலபம்

வரைபடத்தைச் சுருக்குவதில் சிரமம் இல்லை. நீளங்களை எல்லாம் 16ஆல் வகுத்தால் போதும். பரப்பு 256இல் ஒரு பங்காகும். கன அளவு 4,096இல் ஒரு பங்காகும். கார்ஸேரின் 18 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி இன்ஜின் 46 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 16இல் ஒரு பங்கு அளவில் அது 11 மில்லிலிட்டர்தான்.

பட்டறைக்குள் போனதும் வகுபடாதவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். டூலின் முனை எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான். ஜாப், அதாவது கடையப்படும் துண்டு, சிறியது என்பதற்காக அது கூர்மையாகிவிடாது. லேத்தின் திருகில் இருக்கும் தளர்ச்சி அப்படியே இருக்கும். பித்தளையின் படிகத் துகள்கள் அதே அளவில் இருக்கும். எண்ணெயின் ஒட்டும் தன்மை, சாயத்தின் தடிமன், பார்ப்பவரின் கண்கூர்மை எதுவுமே 16ஆல் வகுபடாது. நுண்ணிய பாகங்களைச் செய்வது என்பது இந்தப் பட்டியலோடு ஓயாமல் பேரம் பேசுவதுதான்.

ஒரு தோட்டாவைக் கடைவோம்

கார்ஸேரின் இறக்கைகளில் ஆறு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுக்கான தோட்டா ஒவ்வொன்றும் 138 மி.மீ. நீளம். அடிப்பகுதி 20 மி.மீ. அகலம், குண்டின் விட்டம் 13 மி.மீ. 16ஆல் வகுத்தால் நீளம் 8.6 மி.மீ., அடி 1.3 மி.மீ., குண்டு 0.8 மி.மீ. திறந்திருக்கும் வெடிமருந்துப் பெட்டியில் அடுக்க இப்படி ஒன்றைப் பித்தளையில் கடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் எதிரி, வளைவு. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட கம்பியின் மறுமுனையைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எவ்வளவு வளையும் என்பதற்குப் பொறியியலில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. வளைவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் குறையும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் கம்பி லேத்தின் பிடியிலிருந்து 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் டூல் ஒரு நியூட்டன் விசையோடு, அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடை அழுத்தும் அளவுக்கு, அழுத்துகிறது. கம்பி 0.07 மி.மீ. விலகும். கம்பியின் தடிமனில் இது 7 சதவீதம். விட்டத்தைப் பாதியாக்கினால் வளைவு 16 மடங்காகும் என்கிறது சூத்திரம். ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் பித்தளை நிரந்தரமாகவே மடங்கிவிடும்.

மடங்காவிட்டாலும் தொல்லை தீராது. டூல் அழுத்த அழுத்தக் கம்பி விலகுவதால், நுனியில் வெட்டு ஆழம் குறைகிறது. பிடிக்கு அருகில் சரியான விட்டமும் நுனியில் பருத்த விட்டமுமாக ஜாப் கூம்பிப்போகும்.

தீர்வும் அதே சூத்திரத்தில் இருக்கிறது. நீட்டத்தை 10 மி.மீட்டரிலிருந்து 3 ஆகக் குறைத்தால் அதே விசைக்கு வளைவு 0.002 மி.மீ. மட்டுமே. ஆகவே சிறு பாகங்களை முழு நீளத்துக்கு நீட்டிவைத்துக் கடைவதில்லை. தோட்டாவை விடச் சற்றுப் பருத்த கம்பியைக் கோலெட் என்ற பிடிப்பானில் பிடித்து, குண்டின் நீளத்துக்கு மட்டும் வெளியே இழுத்து, அதை முதலில் கடைந்து முடிப்பார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்துத் தோள்பகுதி. அடுத்து உடல், கடைசியில் அடிவிளிம்பும் அதன் பள்ளமும். வெட்டு நடக்கும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் பருத்த, விறைப்பான உலோகம் தாங்கி நிற்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் பயந்துபயந்து சிறிது சிறிதாகச் சீவி விட்டத்தைக் குறைப்பார்கள். ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் கம்பி மெலிந்து, அடுத்த சீவலின்போது கூடுதலாக வளையும். கைதேர்ந்தவர்கள் முடிந்தவரை ஒரே வெட்டில் இறுதி விட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். கம்பி மெலிவதற்குள் டூல் அந்த இடத்தைக் கடந்திருக்கும்.

இந்த யோசனையையே இயந்திரமாக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கடிகாரத் திருகாணிகளுக்காகப் புதுவகை லேத்தை உருவாக்கிய சுவிட்சர்லாந்துக்காரர்கள். வழக்கமான லேத்தில் ஜாப் ஓரிடத்தில் சுற்ற, டூல் நீளவாக்கில் நகரும். சுவிஸ் வகை லேத்தில் கம்பியே ஒரு வழிகாட்டித் துளை வழியாக முன்னோக்கி நழுவி வரும். டூல் அந்தத் துளையின் வாயருகிலேயே நின்று வெட்டும். பாகம் எவ்வளவு நீளமானாலும் தாங்கலுக்கும் வெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இன்று பல் உள்வைப்புத் திருகாணிகள் வரை இந்த முறையில் கடையப்படுகின்றன.

கூர்மையும் வேகமும்

அடுத்த சிக்கல் டூலின் விளிம்பில் இருக்கிறது. எவ்வளவு தீட்டினாலும் வெட்டு விளிம்பு ஒரு கோடு அல்ல. உருப்பெருக்கியில் பார்த்தால் அது சில மைக்ரான் ஆரமுள்ள வளைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண வேலையில் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரான் தடிமனில் சீவும்போது இந்த வளைவை யாரும் பொருட்படுத்துவதில்லை. சீவலின் தடிமன் இரண்டு மூன்று மைக்ரானுக்கு இறங்கினால் நிலைமை தலைகீழாகும். விளிம்பின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் வெட்ட முயன்றால், உலோகம் சீவலாக எழும்பாமல் டூலுக்கு அடியில் நசுங்கி நழுவிவிடும். மழுங்கிய அரிவாள்மனையில் பழுத்த தக்காளியை வைத்து அழுத்தினால் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. வெட்டுக்குப் பதில் உராய்வு. உராய்வு கூடினால் பக்கவாட்டு விசை கூடும். விசை கூடினால் கம்பி வளையும். முதல் சிக்கலும் இரண்டாவது சிக்கலும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது.

தொழிற்சாலைகளில் பயன்படும் கார்பைடு முனைகள் பலவற்றின் விளிம்பை, உடையாமல் இருக்க வேண்டுமென்றே சற்று உருட்டியிருப்பார்கள். பெரிய லேத்தில் அது நற்குணம், 0.8 மி.மீ. குண்டைக் கடைகிறவருக்கு அதுவே இடைஞ்சல். அதனால்தான் மாதிரி செய்கிறவர்கள் அதிவேக எஃகில் தாங்களே டூல் தீட்டி, எண்ணெய்க் கல்லில் விளிம்பை மெருகேற்றி, உருப்பெருக்கியில் சரிபார்க்கிறார்கள்.

வேகமும் ஒத்துழைப்பதில்லை. டூலைக் கடந்து உலோகம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதுதான் வெட்டுவேகம். எஃகு டூலில் பித்தளைக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. கம்பி நிமிடத்துக்குச் சுமார் 950 சுற்றுச் சுற்றினாலே போதும். 0.8 மி.மீ. குண்டுக்கு அதே வேகம் கிடைக்க ஏறத்தாழ 24,000 சுற்றுகள் தேவை. வீட்டு மேசையில் வைக்கும் சிறிய லேத்துகள் பொதுவாக 3,000 சுற்றுகளைத் தாண்டுவதில்லை. ஆகவே டூலை நகர்த்தும் கைப்பிடியை மிக மெதுவாகத்தான் சுழற்ற முடியும். வேகம் தர வேண்டிய சுத்தமான மேற்பரப்பைத் தீட்டிய முனையிடமிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது.

எந்த உலோகம் என்பதிலும் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. கடைசலுக்கென்றே தயாராகும் பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் இருக்கும். செம்போடும் துத்தநாகத்தோடும் கரையாமல் அது நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கிடக்கும். வெட்டும்போது உலோகம் அந்தத் துளிகளில் முறிவதால், சீவல் நீண்ட சுருளாக வராமல் பொடியாக உதிரும். ஒரு மில்லிமீட்டர் ஜாப்பில் நீளச் சுருள் சுற்றிக்கொண்டால் பாகத்தையே பிய்த்துக்கொண்டு போய்விடும்.

துளையும் பிடியும்

விமானத் தகடுகளை இணைத்த ஆணிகளில் பரவலான ஓர் அளவு 3.2 மி.மீ. விட்டம். மாதிரியில் 0.2 மி.மீ. அந்தத் துளையைப் போடும் டிரில் பிட் இரண்டு மில்லிமீட்டர் நீட்டினாலே விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளம். வளைந்த மேற்பரப்பில் தொட்டவுடன் அது வழுக்கி ஓடும். எனவே குட்டையான, விறைப்பான முனையால் முதலில் ஒரு சிறு குழி இட்டு, அதில்தான் பிட்டை இறக்குவார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இறங்கியதும் வெளியே இழுத்துத் துகளை உதறி, மீண்டும் இறக்க வேண்டும். துகள் அடைத்துக்கொண்டால் பிட் முறுக்கிக்கொண்டு உடையும்.

இந்த வேலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைத்தது. மின்னணுச் சுற்றுப் பலகைகளில் துளையிடத் தயாரான டங்ஸ்டன் கார்பைடு பிட்டுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. கார்பைடு எஃகைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது; வளையாது. ஆனால் சற்றும் நெளிந்து கொடுக்காது. இயந்திரத்தில் நேராக இறங்கினால் நன்றாக வெட்டும், கையில் பிடித்துத் துளையிட்டால் லேசாகக் கோணினாலும் முறியும். கையால் துளைக்க அதிவேக எஃகு, இயந்திரத்துக்குக் கார்பைடு என்று பிரித்துக்கொள்வது இதனால்தான்.

பாகத்தைப் பிடித்துக்கொள்வது தனிக் கலை. ஒரு பட்டாணியில் பாதி அளவுகூட இல்லாத தகட்டுத் துண்டை இடுக்கியில் இறுக்கினால் நசுங்கும். கடிகாரம் செய்தவர்கள் இதற்கு அரக்கைப் பயன்படுத்தினார்கள். பித்தளைத் தண்டின் முகத்தில் அரக்கை உருக்கி, அதில் பாகத்தைப் பதித்து, குளிர்ந்து இறுகிய பின் கடைவார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் சூடாக்கிப் பிரித்து, ஒட்டியதைச் சாராயத்தில் கரைப்பார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் நகையில் சித்திரம் செதுக்கும்போது அரக்கில் பதித்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். அரக்கு பாகத்தின் முழுப் பரப்பையும் தாங்குகிறது. ஓரிடத்தில் மட்டும் அழுத்துவதில்லை. இன்று சிலர் உடனடிப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் சூடாக்கி விடுவிக்கலாம்.

விசைதான் எதிரி என்றால் விசையே இல்லாமல் வெட்டலாமே? அதற்கும் வழி உண்டு. 0.1 முதல் 0.25 மி.மீ. வரையிலான பித்தளைத் தகட்டில், வேண்டிய வடிவத்தை ஒளியால் பதித்த பூச்சால் மூடிவிட்டு, மீதியை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்க விடுவார்கள். கருவிப்பலகைச் சட்டம், வலைத்தகடு போன்றவை இப்படி வருகின்றன. இதற்கும் எல்லை உண்டு. கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிப்பதால், தகட்டின் தடிமனை விடக் குறுகலான துளையை ஒழுங்காக எடுக்க முடிவதில்லை.

வெட்டி முடித்த பாகத்தைக் கையில் எடுப்பதும் எளிதல்ல. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை உருண்டையின் எடை ஏறத்தாழ அரை மில்லிகிராம். விரலில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் பரப்பு இழுவிசை அந்த உருண்டையை அதன் எடையைப் போல் பல மடங்கு வலுவோடு பற்றிக்கொள்ளும். விரலை உதறினாலும் விழாது. மாதிரி செய்கிறவர்கள் இதையே சாதகமாக்கிக்கொண்டு, துளி எண்ணெயோ மெழுகோ தொட்ட குச்சி முனையால் பாகங்களை எடுத்து வைக்கிறார்கள்.

கண் பார்ப்பதும் பார்க்காததும்

அசல் விமானத்தில் ஒரு பாகம் 0.1 மி.மீ. முன்பின் இருக்கலாம் என்று அனுமதித்திருந்தால், மாதிரியில் அது 0.006 மி.மீ. ஆகிறது. வீட்டு லேத்தின் கைப்பிடியில் மிகச் சிறிய கோடே 0.01 மி.மீ. அசலின் துல்லியத்தை விகிதப்படி எட்டுவது நடக்காத காரியம். நல்லவேளையாக, பார்ப்பவரின் கண் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. 30 செ.மீ. தூரத்தில் அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய அவற்றிடையே ஏறத்தாழ 0.09 மி.மீ. இடைவெளி வேண்டும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நேர்கோட்டிலிருந்து ஒரு புள்ளி விலகியிருக்கிறதா என்று கேட்டால், அதே கண் பல மடங்கு கூர்மையாகிவிடும். 0.01 மி.மீ. அளவிலான விலகலைக்கூட அது கண்டுபிடிக்கும். வெர்னியர் அளவுகோலில் இரண்டு கோடுகள் ஒன்றுவதை நாம் துல்லியமாகச் சொல்ல முடிவது இந்தத் திறனால்தான். தனியாக நிற்கும் ஓர் ஆணி 0.05 மி.மீ. நகர்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. வரிசையில் ஒன்று அப்படி நகர்ந்தால் முதல் பார்வையிலேயே உறுத்தும்.

இதனால் வேலைமுறையே மாறுகிறது. ஆணி வரிசைகளை அளந்து புள்ளி வைத்துத் துளையிடாமல், தகட்டை மில்லிங் இயந்திரத்தில் கட்டிக் கைப்பிடியின் எண்களைப் பார்த்து நகர்த்துகிறார்கள். ஒரே திசையில் மட்டும் சுழற்றிக்கொண்டே போவார்கள். திருப்பிச் சுழற்றினால் திருகின் தளர்ச்சி கணக்கில் புகுந்துவிடும். வரிசை முழுவதும் 0.05 மி.மீ. தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, வரிசைக்குள் பிசகு கூடாது. இன்ஜினுக்கும் இதே நியாயம்தான். கார்ஸேரின் 18 சிலிண்டர்கள் ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டங்களில் நிற்கின்றன. அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு இடையில் 40 பாகை. சிலிண்டர்களைத் தாங்கும் உறையை ஒரு முறை கட்டிவிட்டு, கோணத்தைப் பிரித்துத் தரும் பிரிப்பானைச் சுழற்றியே ஒன்பது முகங்களையும் மில்லிங்கில் எடுத்துவிட வேண்டும். நடுவில் கழற்றி மாட்டினால் வட்டம் கோணிவிடும்.

சாயமும் அளவு பார்க்காது. சாதாரணமாக அடிக்கும் பூச்சுகள் சேர்ந்து 0.1 மி.மீ. தடிமன் வந்தால், 16 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கையில் அது 1.6 மி.மீ. கனமான மேலங்கி. ஆணித் தலைகளும் தகட்டு விளிம்புகளும் அதற்குள் முழுகிப்போகும். நுண்வேலைப்பாடு மிகுந்த மாதிரிகளில் உலோகத்தைச் சாயமில்லாமல் விடுவதற்கும், அடித்தால் தெளிப்பானில் மிக மெல்லியதாக அடிப்பதற்கும் இதுதான் காரணம்.

இயங்க வேண்டும் என்றால்

பார்க்க மட்டும் என்றால் கண்ணைச் சமாளித்தால் போதும். ஓட வேண்டும் என்றால் நெருப்பையும் மின்சாரத்தையும் சமாளிக்க வேண்டும். அமெரிக்கரான லூயி ஷெனோ 1932ஆம் ஆண்டின் டூசன்பர்க் காரை 6இல் ஒரு பங்கு அளவில், ஓடக்கூடிய இன்ஜினோடு செய்தார். அசல் இன்ஜினின் கொள்ளளவு 6.9 லிட்டர், இந்த அளவில் அது 32 மில்லிலிட்டர்தான் வரும். ஆனால் காற்றைத் தாண்டி மின்பொறி பாய ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தேவை என்ற விதி கார் சிறுத்ததற்காக மாறாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்தனுப்பும் பொறி பகிர்வானின் முனைகள் நெருங்க நெருங்க, மின்பொறி தவறான சிலிண்டருக்குத் தாவும் அபாயம் கூடுகிறது.

இங்கிலாந்தில் 1898இல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழில் பல பத்தாண்டுகள் எழுதிய எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயர் கொண்டவர், நிலக்கரியில் ஓடி ஆட்களையே இழுக்கும் சிறு நீராவி இன்ஜின்களை ஆயிரக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்தார். இயற்கையைச் சுருக்க முடியாது என்பது அவர் விடாமல் சொன்ன பாடம். அசல் கொதிகலனின் 51 மி.மீ. புகைக்குழாயை 16ஆல் வகுத்தால் 3 மி.மீ. வரும். அதற்குள் சூடான வாயு ஓட மறுக்கும், சாம்பல் அடைத்துக்கொள்ளும். அதனால் இருநூறு குழாய்களுக்குப் பதில் பத்துப் பதினைந்து அகலமான குழாய்களை வைப்பதே வழக்கம். விகிதப்படி செய்த கொதிகலனைவிட இந்த 'பிழையான' கொதிகலன்தான் நீராவி தரும்.

சுருங்குவதில் லாபமும் உண்டு. எடை 4,096இல் ஒரு பங்காகும்போது அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 256இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆகவே தன் எடையால் ஒரு சட்டத்தில் ஏற்படும் தகைவு 16இல் ஒரு பங்காகிவிடும். அசலில் வலுவான உலோகக்கலவை கேட்ட இறக்கைத்தண்டை மாதிரியில் மென்மையான அலுமினியத்திலேயே செய்யலாம். வளைக்க எளிது, கடையவும் எளிது.

கலிஃபோர்னியாவில் ஜோ மார்ட்டின் நிறுவிய கைவினைத்திறன் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட மாதிரிகள் ஏராளம். அங்கோ வேறெங்கோ ஒரு நல்ல மாதிரியைப் பார்க்க வாய்த்தால், எங்கெல்லாம் விகிதம் மீறப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். எந்த அளவை விடாப்பிடியாகக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவுகளில்தான் செய்தவரின் அறிவு இருக்கிறது. வரைபடத்தை 16ஆல் வகுக்க யாராலும் முடியும்; எதை வகுக்கக் கூடாது என்பதை உலோகம்தான் கற்றுக்கொடுக்கும்.